விக்டர் ட்சோய்: நாமா, நாங்களா?

சோவியத் யூனியன் எங்கட வீடுகளுக்குள் வந்தது புத்தகமாகத்தான். கறையான் தின்றதும் இடம்பெயர்வில் தொலைந்ததும் போக மிஞ்சின சில, அப்பாமாரின் அலுமாரிகளில் இன்னும் இருக்கின்றன. மொஸ்கோவில் அச்சாகி, தமிழில் வந்து, மலிந்த விலைக்கு விற்ற புத்தகங்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் என்று உள்ளே போட்டிருக்கும். கார்க்கியையும் டோல்ஸ்டோயையும் சிங்கிஸ் ஐத்மாத்தவையும் அந்தத் தலைமுறை அப்பிடித்தான் வாசித்தது. மிச்சத்தை நாங்களும் வாசித்தோம். ஆனால் 80களில் அந்த நாட்டில் எங்கட வயதில் இருந்த பெடி பெட்டையள் இரவில் என்ன பாட்டுக் கேட்டார்கள், என்ன வேலைக்குப் போனார்கள், எதைப் பார்த்துச் சலித்தார்கள் என்பதெல்லாம் அந்தப் புத்தகங்களில் இல்லை.

அந்தக் கதையைச் சொல்ல வேறு ஒருவர் இருந்தார். ராதுகாவின் தமிழ்ப் புத்தகங்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், லெனின்கிராட் நகரத்தில் ஒரு கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்தால் கிற்றாரை எடுத்துப் பாட்டு எழுதுவார். விக்டர் ட்சோய். கினோ என்ற றொக் இசைக்குழுவின் பாடகர், பாடலாசிரியர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, 28 வயதில், வீதி விபத்தில் செத்துப்போனார்.

நாங்கள் அவரை அறிந்தது 2018இல் வந்த 'லேத்தோ' என்ற படத்தின் வழியாக. கிரில் செரெப்ரென்னிகொவ் எடுத்தது. படம் கான் விழாவில் போட்டியில் ஓடியபோது இயக்குநர் மொஸ்கோவில் வீட்டுக்காவலில் இருந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் படத்தைத் தேடிப் பிடித்து, ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருந்து பார்த்தோம். படத்தில் எங்களை நிறுத்தி வைத்தது கதை இல்லை, கதிரைகள்தான். றொக் கச்சேரி நடக்கிறது, பாடுகிறவன் உயிரைக் கொடுத்துப் பாடுகிறான், கேட்கிற இளம் ஆக்கள் பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர்கள் மாதிரிக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். எழும்பக்கூடாது, ஆடக்கூடாது, கத்தக்கூடாது. எழும்பினால் தோளில் கை வைத்து இருத்த ஆள் நிற்கிறது.

அது கற்பனை இல்லை. ரூபின்ஸ்டைன் வீதி 13ஆம் இலக்கத்தில் லெனின்கிராட் றொக் கழகம் 1981இல் திறக்கப்பட்டது. அதுவரைக்கும் ஒளித்துப் பாடிக்கொண்டிருந்த இளைஞர்களை ஒரு கட்டடத்துக்குள் சேர்த்துவிட்டால் கண்காணிப்பது லேசு என்பது அரசின் கணக்கு. கேஜிபிக்கும் அதில் கண் இருந்தது. மேடையில் பாடவேண்டிய பாட்டின் வரிகளை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கவேண்டும். இளைஞர்களின் கணக்கு வேறு: மேடை கிடைக்கிறதே, அது போதும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பயன்படுத்திக்கொண்டது. 1982இல் கினோ அந்தக் கழகத்தில் சேர்ந்தது. கினோ என்றால் ரஷ்ய மொழியில் சினிமா. சின்னச் சொல், சுவரில் எழுதவும் லேசு.

ட்சோய் என்ற பெயரை முதலில் பார்த்தபோது அது ரஷ்யப் பெயர் மாதிரி எங்களுக்குப் படவில்லை. அது 'சொய்' என்ற கொரியக் குடும்பப் பெயர், ரஷ்ய எழுத்தில் அப்பிடி மாறிவிட்டது. 1937இல் ஸ்டாலின் தூரகிழக்கில் வாழ்ந்த கொரியர்கள் 170,000க்கும் மேற்பட்டோரை, ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்ற சந்தேகத்தைச் சொல்லி, ரயில் பெட்டிகளில் ஏற்றி மத்திய ஆசியாவில் கொண்டுபோய் இறக்கினார். ஒரு இனம் முழுவதையும் சந்தேக நபராக்கி இடம்பெயர்த்த கதை. விக்டரின் தகப்பன் றொபேர்ட் அப்பிடி வந்து சேர்ந்தவர்களின் பிள்ளையாகக் கசாக்ஸ்தானில் பிறந்தவர். பிறகு லெனின்கிராட்டில் பொறியியலாளர். தாய் வலன்தீனா ரஷ்யப் பெண், உடற்பயிற்சி ஆசிரியை. விக்டர் 1962 ஜூன் 21இல் பிறந்த ஒரே பிள்ளை.

படிப்பு ஏறவில்லை. செரோவ் கலைப் பாடசாலையில் இருந்து பெறுபேறு காணாது என்று விலக்கிவிட்டார்கள். பிறகு தொழிற்பாடசாலையில் மரச்செதுக்கு வேலை பழகினார். ஜப்பானிய நெற்சுகே மாதிரி குட்டிக் குட்டி உருவங்களைச் செதுக்குவது கடைசி வரைக்கும் அவருக்குப் பிடித்த வேலை. புரூஸ் லீ என்றால் பைத்தியம். அவருடைய பாட்டுகளைக் கேட்கும்போது இந்த மரச்செதுக்கு எங்களுக்கு அடிக்கடி நினைவு வரும். தேவையில்லாத ஒரு சொல் அதில் இராது. நாலைந்து சுரங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும் சொற்கள், உணர்ச்சியைக் காட்டாத ஒரு கனத்த குரல். ரஷ்ய மொழியில் பத்துச் சொல் தெரியாத எங்களுக்கே எங்கே வரி முடிகிறது, எங்கே மூச்சு விடுகிறார் என்பது தெரிகிறது.

முதல் அல்பம் '45', 1982இல் வந்தது. ட்சோயும் அலெக்ஸெய் ரீபினும் மட்டும்தான் அப்போது கினோ. அக்வாரியம் குழுவின் பொரீஸ் கிரெபென்ஷிகொவ் இந்தப் பெடியனின் பாட்டைக் கேட்டுவிட்டுத் தன் ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்து உதவினார். ட்ரம்ஸ் அடிக்க ஆள் இல்லாததால் ஒரு ட்ரம் மெசினை வைத்துச் சமாளித்தார்கள். பதிவு நடந்த இடம்தான் இன்னும் வேடிக்கை. அந்திரேய் திரோபில்லோ என்பவர் சிறுவர்களுக்கான தொழில்நுட்ப மன்றம் ஒன்றில் ஒலிப்பதிவு பழக்கும் ஆசிரியர். பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு. மிச்ச நேரத்தில் அதே அறையில், அரசின் மின்சாரத்தில், அரசு வெளியிட மறுத்த இசை பதிவாகும்.

பிறகு கசெற். கடையில் விற்க முடியாது, ஏனென்றால் இசைத்தட்டு வெளியிடும் உரிமை மெலோதியா என்ற அரச நிறுவனத்துக்கு மட்டும்தான். ஆகவே ஒருவர் மற்றவருக்குப் பதிந்து கொடுப்பார், அவர் இன்னொருவருக்கு. பிரதியின் பிரதியின் பிரதி. லெனின்கிராட்டில் பதிந்த பாட்டு சைபீரியா போய்ச் சேரும்போது பாதி இரைச்சலாக இருக்கும். மக்னித்இஸ்தாத் என்று இதற்குப் பெயரே இருந்தது, காந்தநாடாவில் சுயவெளியீடு என்று சொல்லலாம். 90களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட அண்ணாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரைச்சலுக்கு நடுவில் இருந்து பாட்டைப் பொறுக்கி எடுக்கக் காது தானாகப் பழகிவிடும்.

மற்றது வீட்டுக் கச்சேரி. ஒரு தொடர்மாடி வீட்டின் சின்ன அறையில் முப்பது நாற்பது பேர் நிலத்தில் இருப்பார்கள். ட்ரம்ஸ் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்லிவிடுவார். ஆளுக்குக் கொஞ்சக் காசு போட்டுப் பாடகருக்குக் கொடுப்பார்கள். அந்தக் காசு சட்டப்படி குற்றம்.

உழைப்பு என்ற விசயம் இங்கேதான் வருகிறது. சோவியத் சட்டத்தில் வேலை இல்லாமல் இருப்பது குற்றம். 'ஒட்டுண்ணி வாழ்க்கை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இதே லெனின்கிராட்டில் 1964இல் ஜோசப் புரொட்ஸ்கி என்ற கவிஞரை இந்தச் சட்டத்தில்தான் பிடித்து, ஐந்து வருடம் என்று தீர்ப்பெழுதி, வடக்கே ஆர்ஹாங்கெல்ஸ்க் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். கவிதை எழுதுவது வேலை இல்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. 1987இல் அதே புரொட்ஸ்கிக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் அது வேறு நாட்டில் வாழும்போது.

அந்தப் பாடத்தைப் படித்த அடுத்த தலைமுறை ஒரு வழி கண்டுபிடித்தது. யாரும் கேள்வி கேட்காத, பதவி உயர்வு இல்லாத, ஒருநாள் நின்றால் சில நாள் ஓய்வு கிடைக்கும் வேலைகளை எடுத்தார்கள். இரவுக் காவலாளி, வீதி கூட்டுபவர், கொதிகலன் பார்ப்பவர். கிரெபென்ஷிகொவின் ஒரு பாட்டுக்குப் பிறகு 'கூட்டுபவர்களும் காவலாளிகளுமான தலைமுறை' என்றே இவர்களுக்குப் பெயர் விழுந்தது. வேலை அட்டையில் முத்திரை விழுந்துவிடும், மூளை தங்களுக்கு மிஞ்சும்.

ட்சோய் 1986இல் இருந்து வேலை பார்த்தது புளோஹின் வீதி 15ஆம் இலக்கத்தில் இருந்த கொதிகலன் அறை. அதற்குப் பெயர் 'கம்சாட்கா'. ரஷ்யாவின் கிழக்கு மூலையில், இனி நிலமே இல்லை என்ற இடத்தில் இருக்கும் தீபகற்பத்தின் பெயர் அது. பள்ளிக்கூடப் பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வகுப்பின் கடைசி வாங்கு. ஆசிரியரின் கண் எட்டாத இடம். 1984இல் கினோ வெளியிட்ட அல்பத்தின் பெயரும் 'கம்சாட்காவின் தலைவன்'. கடைசி வாங்கின் தலைவன் என்றும் வாசிக்கலாம். அலெக்சாந்தர் பஷ்லச்சொவ் என்ற இன்னொரு பெரிய பாட்டுக்காரரும் இதே அறையில் கரி அள்ளியவர். அவர் 1988இல் 27 வயதில் ஜன்னலில் இருந்து விழுந்து இறந்தார். அலெக்ஸெய் உச்சீத்தெல் எடுத்த 'றொக்' என்ற ஆவணப்படத்தில் ட்சோய் அடுப்புக்குக் கரி அள்ளி வீசுவதைப் பார்க்கலாம். சலிப்பும் இல்லை, பெருமையும் இல்லை, செய்யவேண்டிய வேலையைச் செய்கிற முகம்.

எங்களில் முக்கால்வாசிப் பேர் பகலில் வேறு எங்கோ உழைத்துவிட்டு இரவில்தான் எழுதுகிறோம். ஒருவர் வங்கியில், ஒருவர் மருந்துக்கடையில், இரண்டு பேர் ரியூசன் கொடுத்து. 'இது எத்தனை நாளைக்கு?' என்று வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கம்சாட்காவைப் பார்த்து ஆறுதல் தேடுகிறோம் என்று நினைக்கவேண்டாம். கரி அள்ளுவதில் கவிதை ஒன்றும் இல்லை, முதுகுதான் நோகும். ஆனால் அவர் அந்த வேலையை வெட்கமாகவும் பார்க்கவில்லை, தியாகமாகவும் விற்கவில்லை. அது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

கரி அடுப்பு ஒரு பக்கம் என்றால், இராணுவம் மறுபக்கம். 1979இல் இருந்து சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நின்றன. கட்டாயச் சேவைக்கு அழைத்தால் அங்கேயும் போகவேண்டி வரலாம். 80களின் ஆரம்பத்தில் ட்சோய் மனநோயாளி என்று காட்டிக்கொண்டு லெனின்கிராட்டின் பிரியாஷ்கா மனநல மருத்துவமனையில் கிடந்துதான் அதில் இருந்து தப்பினார். சண்டைக்குப் போகாமல் இருக்க ஒரு குடும்பம் என்னவெல்லாம் செய்யும் என்று எங்கட ஊர்களில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் வெளியே நின்று ஓடித்திரிந்தவர் மரியானா. பிறகு அவர்கள் கலியாணம் கட்டினார்கள், 1985இல் மகன் அலெக்சாந்தர் பிறந்தான். சர்க்கஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே குழுவின் ஒழுங்குகளையெல்லாம் மரியானா பார்த்தார். கினோவைப் பற்றிப் பேசும் ஆம்பிளையள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நாங்களும் ஒரு பந்திக்கு மேல் கொடுக்கவில்லை.

ஆரம்ப அல்பங்களில் பாடுவது 'நான்'. வேலைவெட்டி இல்லாமல் தெருவில் திரியும் ஒரு பெடியன். ரயிலில் போகிறான், மழையில் நனைகிறான், வீட்டுக்கு வருகிறான், ஒருத்தியை நினைக்கிறான். பெரிய விசயம் ஒன்றும் நடக்காது. ரீபின் 1983இல் பிரிந்துபோக, யூரி கஸ்பார்யன் கிற்றாருக்கு வந்தார். பிறகு கியோர்கி குர்யானொவ் ட்ரம்ஸ், நின்றுகொண்டே அடிப்பார். இகோர் திகோமீரொவ் பேஸ். நாலு பேரும் கறுப்பு உடுப்பு. ஜோஆன்னா ஸ்டிங்ரே என்ற அமெரிக்கப் பாடகி வந்து போகும்போதெல்லாம் கருவிகள் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் குழுக்களின் பதிவுகளை வெளியே கடத்தி, 1986இல் 'றெட் வேவ்' என்ற இரட்டை இசைத்தட்டாக அமெரிக்காவில் வெளியிட்டதும் அவர்தான். ஒலி தடித்தது. அதோடு பாட்டுக்குள் இன்னொரு சொல்லும் பெருகத் தொடங்கியது. ரஷ்ய மொழியில் 'மி'. தமிழில்?

இந்தக் கேள்வியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். எங்களில் ஒருவர் 'பெரெமென்' என்ற பாட்டைத் தமிழில் கொண்டுவரப் பார்த்தார். தலைப்பின் பொருள் 'மாற்றங்கள்'. கினோவின் பாட்டுகளில் உலகம் அறிந்தது அதுதான். ரஷ்ய மொழியில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் அப்பிடி இல்லை. நாம் என்றால் கேட்கிற ஆளும் சேர்த்தி. நாங்கள் என்றால் கேட்கிற ஆள் வெளியே நிற்கிறார். யாழ்ப்பாணப் பேச்சில் நாங்கள் இந்த வித்தியாசத்தை அவ்வளவு பார்ப்பதில்லை, எல்லாத்துக்கும் 'நாங்கள்'தான். எழுதும்போது தப்ப முடியாது. மாற்றம் வேண்டி நிற்பது நாமா, நாங்களா? இந்த ஒரு சொல்லுக்கு மூன்று இரவுகள் சண்டை பிடித்தோம்.

பாட்டை ஊர் முழுக்கக் கொண்டுபோனது செர்கெய் சொலொவ்யொவின் 'அஸ்ஸா' படம். 1987இல் எடுத்தது. கடைசிக் காட்சியில் ட்சோய் ட்சோயாகவே வருகிறார், ஒரு உணவகத்தில் பாட வேலை கேட்டு. மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரிப் பெண் உணவகங்களில் பாடுகிறவர்களுக்கான விதிகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். அவர் வாசித்துக்கொண்டே இருக்க, ட்சோய் எழும்பி நடந்துபோய் மேடையில் ஏறிப் பாடத் தொடங்குகிறார். ஆரம்பத்தில் அது உணவக மண்டபம். கமரா திரும்பும்போது முன்னால் கடல் மாதிரிச் சனம், மொஸ்கோவின் கோர்க்கி பூங்காத் திறந்தவெளி அரங்கில், கையில் சின்னச் சின்ன வெளிச்சங்களோடு நிற்கிறது. ஒரு வெட்டில் 'நாங்கள்' 'நாம்' ஆகிவிடுகிறது. கொர்பச்சொவின் காலம், எல்லாரும் மாற்றம் பற்றிக் கதைத்த காலம். பாட்டு பெரெஸ்த்ரோய்க்காவின் கீதம் ஆகிவிட்டது.

ட்சோய் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தான் எழுதியது அரசியல் கோரிக்கைப் பாட்டு இல்லை என்று பேட்டிகளில் சொன்னார். பாட்டைக் கேட்டால் அவர் சொல்வது விளங்கும். அதில் கட்சி இல்லை, தலைவர் இல்லை, வீதி இல்லை, எதிரி இல்லை. ஒரு வீட்டின் குசினிக்குள்தான் அது நடக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிற ஆக்கள், மாறுவதற்கும் பயப்படுகிற ஆக்கள்.

1988இல் வந்த 'இரத்த வகை' அல்பத்துக்கும் இதுதான் நடந்தது. சிப்பாய்கள் சீருடையில் இரத்த வகையைப் பொறித்துக்கொள்வார்கள். இராணுவத்துக்குப் போகாமல் தப்பின மனிதர், போருக்குப் புறப்படுகிற ஒருவனின் குரலில் அந்தத் தலைப்புப் பாட்டை எழுதினார். வெற்றி முழக்கம் ஒன்றும் அதில் இல்லை, விடைபெறுகிற குரல்தான். ஆப்கானிஸ்தானில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் அதைத் தங்கட பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ரஷீத் நுக்மானொவின் 'ஊசி' படத்தில் ட்சோய் கதாநாயகன். அல்மாட்டியில் எடுத்தது, போதைப்பொருளில் விழுந்த காதலியை மீட்கப் பார்க்கிறவனின் கதை. வற்றிப்போன ஆரல் கடலின் வெறும் தரையில் இருவரும் நடக்கிற காட்சி உண்டு. தகப்பன் பிறந்த கசாக்ஸ்தானுக்கு, பேரன்மாரின் ரயில் வந்து நின்ற நாட்டுக்கு, மகன் நடிகனாகத் திரும்பி வந்திருக்கிறார். படத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் பனி கொட்டும் பாதையில் கத்திக்குத்து வாங்கி முழந்தாளில் விழுகிறார், எழும்புகிறார், நடந்து போகிறார். பின்னால் 'இரத்த வகை' ஒலிக்கிறது.

1990 ஜூன் 24, மொஸ்கோவின் லுஷ்னிகி மைதானம். பல்லாயிரம் சனம், 1980 ஒலிம்பிக்கின் தீபத்தை இந்தக் குழுவுக்காகக் கொளுத்தினார்கள். கதிரையில் கை கட்டி இருந்த காலம் போய் ஒன்பது வருடம்தான். அதுவே அவருடைய கடைசிக் கச்சேரி. ஓகஸ்ட்டில் லத்வியாவில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் புதுப் பாட்டுகளைப் பதிந்துகொண்டு நின்றார். 15ஆம் திகதி மீன்பிடித்துவிட்டுத் திரும்பும்போது அவர் ஓட்டிய மொஸ்க்விச் கார் எதிரே வந்த இகாருஸ் பஸ்சோடு மோதியது. ஓட்டும்போது நித்திரையாகிவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. மற்ற மூன்று பேரும் அவருடைய குரல் பதிந்த வரைவு நாடாவை வைத்து வாத்தியங்களைச் சேர்த்து அல்பத்தை முடித்தார்கள். உறை முழுக்கக் கறுப்பு, அதனால் 'கறுப்பு அல்பம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த வருடம் டிசம்பரில் சோவியத் யூனியனும் இல்லை.

மொஸ்கோ அர்பாத்தில் ஒரு ஒழுங்கைச் சுவர் முழுக்க 'ட்சோய் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதி வைத்தார்கள். உயிரோடு இல்லாதவரை யாரும் பாவிக்கலாம் என்பதுதான் அதற்குப் பிறகு நடந்த கதை. கறுப்பு அல்பத்தின் 'குயில்' என்ற பாட்டை 2015இல் ஒரு இரண்டாம் உலகப்போர்ப் படத்துக்குப் பொலினா ககாரினா பாடினார், அது வீரப்பாட்டு ஆகிவிட்டது. 2014இல் யெவ்கேனி ஃபியோதரொவ் என்ற ஆளும் கட்சி உறுப்பினர், ட்சோயின் கடைசிக் காலப் பாட்டுகளை அமெரிக்க உளவுத்துறைதான் எழுதிக் கொடுத்தது என்று சொன்னார். ஒருவன் கரியும் அள்ளி, பாட்டும் தானே எழுதியிருப்பான் என்பதை நம்ப அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

2020 ஓகஸ்ட் 6, பெலருஸ் தலைநகர் மின்ஸ்க். தேர்தலுக்கு மூன்று நாள். எதிரணிக் கூட்டம் நடக்கவேண்டிய சதுக்கத்தில் அரசு தன் விழாவை வைத்துவிட்டது. அங்கே ஒலிக்கருவிக்குப் பொறுப்பாக நின்ற கிரில் ஹலனவ், விளாதிஸ்லவ் சகலொவ்ஸ்கி என்ற இரண்டு இளைஞர்கள் திடீரென்று 'பெரெமென்' பாட்டைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்தி நின்றார்கள். பத்து நாள் சிறை. அந்த நகரத்தின் ஒரு தொடர்மாடி முற்றத்துச் சுவரில் அந்த இருவரும் கை உயர்த்தி நிற்கும் ஓவியத்தை யாரோ வரைந்தார்கள். வந்து வெள்ளையடித்தார்கள். மறுபடி வரைந்தார்கள். மறுபடி வெள்ளை. அந்த முற்றத்துக்கு 'மாற்றங்களின் சதுக்கம்' என்று பெயர் வந்தது. நவம்பரில் அங்கே வந்த முகமூடி ஆட்களோடு ஏற்பட்ட இழுபறிக்குப் பிறகு கொண்டுபோகப்பட்ட ரமான் பன்தரென்கா என்ற 31 வயது இளைஞர் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். ஒரு குசினிப் பாட்டு அவ்வளவு தூரம் போய்விட்டது.

நாம், நாங்கள் சண்டை எங்களுக்குள் ஏன் அவ்வளவு சூடானது என்பதையும் சொல்லவேண்டும். 2022இல் காலிமுகத்திடலில் 'நாம்' என்ற சொல் பெரிதாகக் கேட்டது. எங்களில் சிலர் அங்கே போய் நின்றோம். சிலர் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வரிசையில் நின்றபடி போனில் பார்த்தோம். போனவர்கள் சொன்னார்கள், முதன்முறை அந்தச் சொல்லுக்குள் எங்களையும் சேர்த்தார்கள், மே 18இல் அங்கே முள்ளிவாய்க்கால் நினைவுகூரலும் நடந்தது என்று. போகாதவர்கள் கேட்டார்கள், 2009இல் இந்த 'நாம்' எங்கே இருந்தது என்று. இரண்டும் உண்மைதான். பாட்டை மொழிபெயர்க்க வந்த இடத்தில் அந்தப் பழைய கதை மறுபடி எழும்பிவிட்டது. 'நாம்' என்று போட்டால் எங்களில் பாதிப் பேருக்குப் பொய்யாகப் படுகிறது. 'நாங்கள்' என்று போட்டால் மின்ஸ்கின் முற்றத்தில் நின்றவர்களை வெளியே தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது.

எங்களுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். ட்சோய் அந்தச் சொல்லை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கழகம் முத்திரை குத்தியபோதும், சினிமா பெருங்கூட்டத்தைக் காட்டியபோதும், லுஷ்னிகியில் தீபம் எரிந்தபோதும், 'நான் உங்கள் குரல்' என்று அவர் சொல்லவில்லை. பாட்டுக்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார். வந்து இருப்பவர்கள் தங்கட 'நாம்' எவ்வளவு பெரியது என்று தாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும். அதிகாரிக்கு அந்தக் கதிரை ஒருநாளும் பொருந்தாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறோம். பயப்படுகிறவர்களுக்கு என்று போட்ட கதிரையில், பயப்படுத்துகிற ஆள் வசதியாக இருக்க முடியாது.

கேட்கப்போகிறவர்களுக்கு: 'பெரெமென்'இல் தொடங்காதீர்கள். '45' இல் தொடங்குங்கள், அந்த ட்ரம் மெசினோடும் வேலைவெட்டி இல்லாத பெடியனோடும். பிறகு 'இரத்த வகை', பிறகு 1989இல் வந்த 'சூரியன் என்ற நட்சத்திரம்'. கறுப்பு அல்பத்தை ஒரு இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்போன் இருந்தால் நல்லது. 'ஊசி' படமும் 'அஸ்ஸா'வின் கடைசிக் காட்சியும் இணையத்தில் கிடைக்கும். தமிழ் மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை. இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றில் நாம், மற்றதில் நாங்கள். வாசித்துப் பார்க்க விருப்பம் என்றால் சொல்லுங்கள், மருந்துக்கடையில் நிற்கிற ஆளின் கொப்பியில் இருக்கிறது.